சிக்-ஃபில்-ஏ: இடதும் வலதும் புறக்கணித்துப் பார்த்த ஒரு கோழிக்கடை

வெண்ணெய் தடவிச் சூடேற்றிய பன், அதனுள் எலும்பில்லாத ஒரு துண்டு நெஞ்சுக்கறி, அடியில் ஓரிரு வில்லை வெள்ளரி ஊறுகாய். சிக்-ஃபில்-ஏ என்ற அமெரிக்கத் தொடர் உணவகத்தின் பெயர்பெற்ற சாண்ட்விச்சில் இதற்குமேல் எதுவும் இல்லை. கறியைப் பாலும் முட்டையும் கலந்த கரைசலில் தோய்த்து, பதப்படுத்திய மாவில் புரட்டி, அழுத்தக் கலத்தில் கடலை எண்ணெய் ஊற்றிப் பொரிக்கிறார்கள். கடலை எண்ணெய் என்றதும் நம் ஊர்ச் செக்கெண்ணெயின் மணத்தை எதிர்பார்க்க வேண்டாம். இது நன்றாகச் சுத்திகரித்து மணம் நீக்கப்பட்ட எண்ணெய். மாவில் சர்க்கரையும் சேர்வதால் நாவில் முதலில் உப்பும் மெல்லிய இனிப்பும் படும்; காரம் கடைசிவரை வராது. கறி மட்டும் உள்ளே வறளாமல், சாறு குறையாமல் இருக்கும். அமெரிக்கத் துரித உணவுக் கடைகளில் கோழியை இந்தப் பதத்தில் நாள் தவறாமல் தருபவர்கள் குறைவு.

நம் நாக்குக்கு 2010இல் அறிமுகமான ஸ்பைசி சாண்ட்விச்சே பொருத்தம். வாஃபிள் ஃப்ரைஸ் எனப்படும் வலைக்கண் உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்வரை நன்று. வீட்டுக்குக் கொண்டுபோய் உண்ணும் பண்டம் அன்று. தேன்கடுகு, பார்பிக்யூ, ராஞ்ச் ஆகிய மூன்றின் சுவையும் கலந்த அவர்களுடைய சாஸை நான் சிலாகிப்பதில்லை, குழந்தைகள் விடுவதில்லை. எலுமிச்சைச் சாறு உண்மையான பழச்சாறு. மாட்டிறைச்சி இங்கே அறவே கிடையாது என்பதால் அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பர்கர் கடைகளில் எழும் கேள்விகள் ஏதுமின்றி இங்கே நுழைகின்றன. பன்றி இறைச்சி பேக்கனாகவும் சாஸேஜாகவும் உண்டு, பெரும்பாலும் காலை உணவில். மாடுகளே எழுத்துப்பிழையோடு பதாகை எழுதி, கோழியைத் தின்னுங்கள் என்று மன்றாடும் விளம்பரம் 1995 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது.

உணவைவிட ஒரு படி மேலானது உபசரிப்பு. காரில் இருந்தபடியே வாங்கும் டிரைவ்-த்ரூ வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் ஊழியர்கள் கையில் டேப்லெட்டோடு வெளியே வந்து, கார் கண்ணாடியருகே நின்று ஆர்டர் எடுக்கிறார்கள். வெயிலும் மழையும் அவர்களைத் தடுப்பதில்லை. நன்றி சொன்னால் ‘மை பிளஷர்’ என்று பதில் வரும். அது பயிற்சியில் வந்த சொல் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்க இதமாகவே இருக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளர் நிறைவுக் குறியீட்டில் 2015 முதல் பல ஆண்டுகள் தொடர்ச்சியாகத் துரித உணவுப் பிரிவின் முதலிடம் இந்நிறுவனத்துக்கே கிடைத்தது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு கிளையை நடத்த முன்வருபவர் கட்ட வேண்டிய தொடக்கத் தொகை 10,000 டாலர் மட்டுமே. இடமும் கட்டடமும் நிறுவனத்துடையவை. அதற்கு ஈடாக விற்பனையில் 15 சதவீதமும், மிஞ்சும் லாபத்தில் பாதியும் நிறுவனத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்துச் சிலரே தேர்வாவதால், தேர்வானவர் முதலீட்டாளரைப்போல எங்கோ இருந்துவிடாமல் கடையிலேயே நிற்கிறார்.

இங்கேயே நிறுத்திக்கொண்டு நட்சத்திரம் கொடுத்துவிடலாம். ஆனால் அலுவலக மதிய விருந்துக்கு இந்தக் கடையின் நகெட்ஸ் தட்டைச் சொல்லலாமா என்று யோசிக்கும் எவரும், மேசையைச் சுற்றி அமரப்போகிறவர்களில் யார் அதைத் தொடமாட்டார்கள் என்பதையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. வேறு எந்தக் கோழிக்கடையும் தன் வாடிக்கையாளரிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்வதில்லை. ஆகவே இதுவும் விமர்சனத்தில் அடங்கும்.

கடையின் வேர் அட்லாண்டா விமான நிலையத்தை ஒட்டிய ஹேப்வில் என்னும் சிற்றூரில் இருக்கிறது. 1946இல் ட்ரூயெட் கேத்தி தம் சகோதரருடன் அங்கே ‘டுவார்ஃப் கிரில்’ என்ற சிறு உணவகத்தைத் திறந்தார். பக்கத்து ஃபோர்டு கார் தொழிற்சாலையின் தொழிலாளர்களே முதன்மையான வாடிக்கையாளர்கள். தீவிரமான பாப்டிஸ்ட் கிறிஸ்தவரான அவர் முதல் வாரத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை கடையை மூடினார். அந்த வழக்கம் இன்றும் எல்லாக் கிளைகளிலும் தொடர்கிறது. சிக்-ஃபில்-ஏ என்ற பெயரில் முதல் கடை 1967இல் அட்லாண்டாவின் கிரீன்பிரையர் மாலில் வந்தது. கடவுளுக்கு மகிமை சேர்ப்பதே தொழிலின் நோக்கம் என்பது நிறுவனத்தின் எழுதப்பட்ட கொள்கை. இவை எதையும் அவர்கள் மறைத்ததில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதுமில்லை.

2012 கோடையில் நிலைமை மாறியது. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த டான் கேத்தி, விவிலியம் சொல்லும் குடும்ப அமைப்பையே தாங்கள் ஆதரிப்பதாக ஒரு பாப்டிஸ்ட் இதழிடம் கூறினார். வானொலி ஒன்றில், தன்பாலினத் திருமணத்தை ஏற்பது கடவுளின் தீர்ப்பை நாட்டின்மேல் வரவழைத்துக்கொள்வது என்ற பொருளில் பேசினார். பேச்சோடு நின்றிருந்தால் அது ஒரு முதலாளியின் சொந்தக் கருத்தாகக் கரைந்திருக்கும். குடும்பத்தின் அறக்கட்டளை வழியாகத் தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்குப் பணம் சென்றிருந்ததால், சாண்ட்விச்சுக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. குழந்தைகள் உணவோடு தரும் பொம்மைகளுக்காகக் கூட்டுச் சேர்ந்திருந்த, பொம்மலாட்ட நிகழ்ச்சிகளுக்குப் பெயர்பெற்ற ஜிம் ஹென்சன் நிறுவனம் விலகிக்கொண்டது; அந்த ஒப்பந்தத்தில் வந்த பணத்தைத் தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைகளுக்காக இயங்கும் கிளாட் அமைப்புக்கு அளிப்பதாகவும் அறிவித்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதியை, முன்னாள் ஆர்கன்சா ஆளுநர் மைக் ஹக்கபி ‘சிக்-ஃபில்-ஏ பாராட்டு நாள்’ என்று அறிவிக்க, நாடெங்கும் கடைகளின் வாசலில் வரிசை சாலைவரை நீண்டது. அன்றைய விற்பனை நிறுவனத்தின் அதுவரையிலான வரலாற்றிலேயே மிகப் பெரியது. இரண்டு நாள் கழித்து எதிர்த்தரப்பினர் அதே கடைகளின் வாசலில் கூடி முத்தமிட்டுத் தம் எதிர்ப்பைக் காட்டினர்.

இத்தனையும் குடிமக்களின் உரிமைக்குள் அடங்கியவை. பிடிக்காத கடைக்குப் போகாதிருப்பதும், பிடித்த கடையில் வேண்டுமென்றே வரிசையில் நிற்பதும், கூட்டாளி கூட்டை முறித்துக்கொள்வதும் அவரவர் பணத்தின்மேல் அவரவருக்கு உள்ள உரிமை. எனக்கு உறுத்தியது அதே மாதத்தில் நடந்த இன்னொன்று. பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோ, தம் நகரில் இக்கடைக்கு இடமில்லை என்று கடிதம் எழுதினார். சிகாகோ நகரமன்ற உறுப்பினர் ஒருவர் தம் வட்டாரத்தில் கட்ட அனுமதி தரமாட்டேன் என்றார். அந்நகர மேயர் ராம் இமானுவேல், இக்கடையின் விழுமியங்கள் சிகாகோவின் விழுமியங்கள் அல்ல என்று அறிக்கை விட்டார். ஒரு முதலாளியின் கருத்துக்காகக் கட்டட அனுமதியை மறுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று சுட்டிக்காட்டியவர்களில், தன்பாலினத் திருமணத்தை ஆதரித்துப் போராடிக்கொண்டிருந்த குடியுரிமை அமைப்பான ஏசிஎல்யூவின் இல்லினாய் கிளையும் ஒன்று. உரிமத்தைத் தடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று மெனினோவும் பிறகு ஒத்துக்கொண்டார். 2019 மார்ச்சில் சான் அன்டோனியோ நகரமன்றம் விமான நிலைய ஒப்பந்தத்திலிருந்து இக்கடையை நீக்கியபோது அதே கதை திரும்ப நடந்தது. பதிலுக்கு டெக்சாஸ் சட்டமன்றம், சமய அமைப்புகளுக்கு நன்கொடை தந்ததற்காக எவரையும் அரசு தண்டிக்கக் கூடாதென்று ஒரு சட்டமே இயற்றியது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘சிக்-ஃபில்-ஏவைக் காப்பாற்று’ சட்டம். மத்திய விமானப் போக்குவரத்துத் துறை விசாரித்தபின் 2020இல் நகரம் இறங்கிவந்து இடம் தர முன்வந்தபோது, வேண்டாம் என்று நிறுவனமே சொல்லிவிட்டது.

கருத்துக்காக அரசதிகாரத்தைக் கொண்டு தண்டிப்பதை இடதுசாரிகளின் தனிக் குணம் என்று வலதுசாரிகள் சொல்லிக்கொள்வதுண்டு. பள்ளி வகுப்புகளில் பாலினம் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்திய சட்டத்தை டிஸ்னி எதிர்த்ததற்காக, 2022இல் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் அந்நிறுவனம் தன் பூங்காக்கள் உள்ள நிலப்பகுதியைத் தானே நிர்வகிக்க அரை நூற்றாண்டாக அனுபவித்துவந்த தனி நிர்வாக மாவட்டத்தில் கைவைத்தார். மறுஆண்டு அதன் வாரியத்தையே தம் நியமனத்துக்குள் கொண்டுவந்தார். தனி மாவட்டம் ஒரு சலுகை, அது இருந்திருக்கவே கூடாது என்று வாதிடலாம். ஆனால் அது பறிக்கப்பட்ட நேரமும் சொல்லப்பட்ட காரணமும் வேறு கதையைச் சொல்கின்றன. மெனினோவின் கடிதத்தைக் கண்டித்தவர்களில் எத்தனை பேர் இதையும் கண்டித்தார்கள் என்று தேடினால் பட்டியல் சிறிதாகவே இருக்கும்.

கோழிக்கடைக்குத் திரும்புவோம். 2012க்குப் பிறகு அறக்கட்டளைகளின் நன்கொடைப் பட்டியல் மெல்ல மாறியது. கருத்தைக் கைவிடாத டான் கேத்தி, நிறுவனத்தை அந்தச் சண்டையின் சின்னமாக ஆக்கியதற்காக 2014இல் வருத்தம் தெரிவித்தார். மிஞ்சியிருந்தவற்றில் இரண்டு பெயர்கள்மேல் எதிர்ப்பு நிலைத்தது: கிறிஸ்தவ விளையாட்டு வீரர்களின் அமைப்பு ஒன்றும், கிறிஸ்தவத் தொண்டு அமைப்பான சால்வேஷன் ஆர்மியும். 2018இல் முன்னதற்கு 16.5 லட்சம் டாலரும் பின்னதற்கு 1.15 லட்சம் டாலரும் சென்றன. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் திறந்த கிளைக்கு எதிராக உள்ளூர்ப் போராட்டம் எழ, ஆறு மாத ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று அந்த மால் சில நாள்களிலேயே அறிவித்தது. அடுத்த மாதம், இனிமேல் கல்வி, வீடின்மை, பசி ஆகிய மூன்றுக்கு மட்டுமே கொடுக்கப்போவதாக நிறுவனம் சொன்னது. அந்த இரு பெயர்களும் பட்டியலிலிருந்து விழுந்தன.

அப்போதுதான் வலது தரப்பின் முறை வந்தது. பாராட்டு நாள் நடத்திய அதே ஹக்கபி, நிறுவனம் சரணடைந்துவிட்டது என்று குற்றம் சாட்டினார். இனி இங்கே சாப்பிடமாட்டோம் என்று சமய ஆர்வலர்கள் பலர் எழுதினார்கள். தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக் குழுக்களோ, இது போதாது, பொறுத்திருந்து பார்ப்போம் என்றன. 2020 தொடக்கத்தில் டான் கேத்தி ஒரு கிறிஸ்தவ அமைப்புக்குக் கடிதம் எழுதி, நல்ல அமைப்புகளுக்குத் தம்மை அறியாமல் இழுக்கு நேர்ந்ததற்கு வருந்தினார். எந்தப் பக்கமும் நிறைவடையவில்லை. 2023 மே மாதக் கடைசியில், எல்லாப் பின்புலத்தவரையும் சமமாக அரவணைக்கும் பன்முகத்தன்மைக்கென ஒரு துணைத் தலைவர் நிறுவனத்தில் இருப்பதைக் கண்டுபிடித்ததாகச் சிலர் கிளம்பி, மறுபடியும் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். அவர் அந்தப் பதவிக்கு வந்தது 2021இல். அவ்வளவு நாளும் அந்தக் கடையில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று கோழி கசந்தது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

விற்பனைக் கணக்கு இந்தக் கூச்சல் எதையும் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. 2012இல் கிளைகள் அனைத்தின் மொத்த விற்பனை சுமார் 460 கோடி டாலர். 2023இல் அது 2,100 கோடி டாலரைத் தாண்டியது. மால்களுக்கு வெளியே உள்ள ஒரு கிளை, வாரத்தில் ஒரு நாள் மூடியிருந்தும், சராசரியாக ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளையைப்போல இரு மடங்குக்கு மேல் விற்கிறது.

அதே 2023இல் பட் லைட் பீருக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். திருநங்கையான டிலன் மல்வேனியுடன் ஏப்ரலில் செய்த ஒரு சிறு சமூக ஊடக விளம்பரத்துக்காக வலதுசாரிகள் அந்த பீரைக் கைவிட்டார்கள். 2001 முதல் நாட்டின் முதலிடத்தில் இருந்த பீர், சில வாரங்களில் மெக்சிகோ பீரான மொடெலோ எஸ்பெஷலிடம் அந்த இடத்தை இழந்தது. கைவிட்டவர்கள் அதுவரை அதைத் தினமும் குடித்துவந்தவர்கள். அதே விலையில், ஏறத்தாழ அதே சுவையில் வேறு பீர் அதே அலமாரியில் கை நீட்டும் தொலைவில் இருந்தது. மதுக்கடையில் நண்பர்கள் பார்க்கக் கையில் பிடிக்கும் பொருள் என்பதால், மாற்றாதவர் கேலிக்கும் ஆளானார். சிக்-ஃபில்-ஏவை 2012இல் புறக்கணித்தவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்த வடக்கு நகரங்களில் அப்போது அதன் கிளைகளே அரிது. மன்ஹாட்டனில் முழு அளவிலான கடை திறந்ததே 2015இல்தான். சாப்பிடாத கடையைச் சாப்பிடமாட்டேன் என்று சொல்வதால் கல்லாவில் எதுவும் குறையாது. 2019க்குப் பின் கோபித்துக்கொண்ட வலதுசாரிகளோ உண்மையிலேயே வாடிக்கையாளர்கள். ஆனால் ஞாயிறு மூடும், விவிலியக் கொள்கையை வெளிப்படையாகச் சொல்லும் வேறு கோழிக்கடை அவர்களுக்கு அந்தத் தெருவில் கிடைக்கவில்லை.

வாங்குபவரே விலகினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. பன்முகத்தன்மைத் திட்டங்களை 2025 ஜனவரியில் சுருக்கிக்கொண்ட டார்கெட் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்கு எதிராக, அட்லாண்டாவை அடுத்த ஸ்டோன்கிரெஸ்டில் உள்ள ஒரு பெரிய கறுப்பினத் திருச்சபையின் போதகர் ஜமால் பிரயன்ட் தவக்காலத்தின் 40 நாள் நோன்பாகப் புறக்கணிப்பை அறிவித்தார். 2023இல், தன்பாலின ஈர்ப்பாளர் பெருமிதத்தைக் குறிக்கும் வானவில் சட்டைகளுக்காக வலது தரப்பு புறக்கணித்த அதே டார்கெட்தான். இந்த முறை விலகியவர்கள் மாதந்தோறும் அங்கே துணியும் சோப்பும் வாங்கிவந்த குடும்பங்கள். அவ்வாண்டின் முதல் காலாண்டில் ஒப்பீட்டு விற்பனை, அதாவது ஓராண்டாவது இயங்கிவரும் கடைகளின் விற்பனை, 3.8 சதவீதம் சரிந்தது. சுங்க வரிக் குழப்பம் போன்ற வேறு காரணங்களும் உண்டென்றாலும், புறக்கணிப்பும் ஒரு காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 1955இல் இருக்கையில் இனப்பாகுபாடு காட்டிய மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளைக் கறுப்பின மக்கள் ஓராண்டுக்கும் மேலாகப் புறக்கணித்து வென்றதற்கும், பயணிகளில் முக்கால் பங்கு அவர்களே என்பதுதான் பலம். மாறாக, 2020 ஜூலையில் கோயா உணவு நிறுவனத்தின் தலைவர் வெள்ளை மாளிகையில் டிரம்பைப் புகழ்ந்ததற்காக எழுந்த புறக்கணிப்பில், பீன்ஸ் டப்பாக்களின் விற்பனை ஆதரவாளர்களின் வேகத்தால் தற்காலிகமாக 22 சதவீதம் உயர்ந்து, மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கோபமும் ஆதரவும் ஒரே வேகத்தில் வடிந்துவிட்டன.

புறக்கணிப்பு யார் தலையில் விழுகிறது என்பதும் இந்தக் கடையில் சிக்கலான கேள்வி. கிளையை நடத்துபவர் ஒருவர், நிறுவனத்தின் சொந்தக்காரர் வேறொருவர். 2012 ஆகஸ்டில், சண்டை உச்சத்தில் இருந்தபோது, நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா கிளை அம்மாநிலத்தின் தன்பாலின ஈர்ப்பாளர் பெருமித விழாவுக்கு ஆதரவாளராகச் சேர்ந்தது. 2016 ஜூனில் ஆர்லாண்டோவின் பல்ஸ் இரவு விடுதியில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் பலர் சுட்டுக்கொல்லப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில், அந்நகரக் கிளைகள் சிலவற்றின் அடுப்பு எரிந்தது. இரத்ததானம் செய்ய வரிசையில் நின்றவர்களுக்கு இலவச உணவு போனது. இவை நன்கொடைப் பட்டியலை நேர் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தன் திருமணத்தைச் செல்லாததாக்க முயன்றவர்களுக்குத் தன் காசு ஒரு சென்ட்கூடப் போகக் கூடாது என்று நினைக்கும் என் சக ஊழியர் ஒருவர் இன்றும் இங்கே சாப்பிடுவதில்லை. அவர் யாரையும் சாப்பிடாதே என்றதும் இல்லை. அவர் இருக்கும் கூட்டத்துக்கு நான் வேறு கடையில் சொல்கிறேன். வீட்டுக்கு வாங்கும்போது இங்கேதான் வாங்குகிறேன். இரண்டுக்கும் நான் விளக்கம் தரவேண்டியதாக அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மதிப்பெண் என்று கேட்டால் கோழிக்கு ஐந்தில் நான்கு, உபசரிப்புக்கு ஐந்தில் ஐந்து, உருளைக்கிழங்குக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஒரு சாண்ட்விச்சில் சோடியம் 1,400 மில்லிகிராம் அளவில் இருப்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பொரித்ததைத் தவிர்த்து வாட்டிய நகெட்ஸைப் பார்க்கலாம். ஹலால் உணவு மட்டுமே உண்பவர்களுக்கு இந்தக் கடை உதவாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செல்வது நல்லது. நண்பகல் 12 முதல் 1 மணிவரை டிரைவ்-த்ரூ வரிசையைவிட உள்ளே சென்று வாங்குவது பெரும்பாலும் விரைவாக முடிகிறது. ஸ்பைசி சாண்ட்விச்சும் எலுமிச்சைச் சாறும் சொல்லுங்கள். ஊறுகாய் வில்லைகளைக் கூடுதலாகக் கேட்டால் மறுக்காமல் தருவார்கள்.